பாணனா, பார்பேரியனா? தகடூர் நடுகற்கள் வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல் தருமபுரி நான்கு ரோட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மாடி கேமிங் சென்டரில் எழுந்தது. பிளஸ் டூ முடித்த தகவலாளிகள் இருவர் (இனி ‘அ’, ‘ஆ’) ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டைத் தொடங்குவதற்கு முன்பே, எந்தக் கிளாஸ் எடுப்பது என்று வாதிட்டு, காசு கட்டிய ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியைக் கரைத்துவிட்டனர். அ-வின் தேர்வு பார்பேரியன்: கோடரி, கோபம், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆ-வின் தேர்வு விஸார்டு. “ரெண்டு அடி வாங்குனா படுத்துருவான்டா உன் விஸார்டு” என்பது அ-வின் மறுப்பு. “அடி வாங்குற தூரத்துல நான் எதுக்குடா நிக்கப்போறேன்?” என்பது ஆ-வின் மறுப்புக்கு மறுப்பு. உரையாசிரியர்கள் இல்லாத குறையால் இவ்வழக்கு தீர்ப்பின்றிக் கிடக்கிறது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் முன்னோர் மொழிந்தவற்றைப் பார்ப்போம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும், ‘பால்டர்ஸ் கேட் 3’-க்கு மூலமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டபோது அதில் மூன்றே வகுப்புகள் இருந்தன: போராளி, மந்திரக்காரன், பூசாரி. திருடனுக்கு அதில் இடமில்லை. அடுத்த ஆண்டு வந்த இணைப்பு நூலில்தான் அவன் நுழைந்தான். நம் இலக்கணத்திலோ போரே திருட்டில்தான் தொடங்குகிறது. பகைவர் ஆநிரையைக் கவர்வது வெட்சி. புறத்திணைகளில் அதற்கே முதலிடம். அமெரிக்கர் ஓராண்டு தாமதமாகக் கண்டதைத் தொல்காப்பியர் முதல் திணையிலேயே வைத்துவிட்டார் என்க.

எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது. தொல்காப்பியத்தில் புறத்திணை ஏழு. பின்வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் 12. ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில் கிளாஸ்கள் 12. அதில் எட்டக்கூடிய உச்ச லெவலும் 12. இது தற்செயல் என்பார் உளர். தற்செயலை ஒப்புக்கொண்டால் ஆய்வேடு எழுத முடியாது.

தொல்காப்பியத்தில் கரந்தை, அதாவது கவர்ந்த ஆநிரையை மீட்பது, வெட்சிக்குள் அடங்கிய ஒரு பகுதி. தகவலாளிகள் இதை ‘சப்கிளாஸ்’ என்பர். வெண்பாமாலையில் அதுவே தனித்திணை. அந்த விளையாட்டை உருவாக்கிய லேரியன் நிறுவனம் 2025இல் எட்டாம் பேட்சு வழியாகக் கிளாசுக்கு ஒன்று வீதம் 12 புதிய சப்கிளாஸ்களைச் சேர்த்ததற்கே உலகம் கைதட்டியது. ஐயனாரிதனார் சப்கிளாசையே கிளாசாக்கியவர். அவருக்குக் கைதட்டியவர் எத்தனை பேர்? இன்னொன்று: ஒருதலைக் காமமாகிய கைக்கிளையும் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையும் போர் நூலின் கடைசியில் வந்து ஏன் உட்கார்ந்திருக்கின்றன என்று திகைக்கும் மாணவர்கள், அந்த விளையாட்டில் இரவானதும் கூடாரத்தில் உடன்பயணிகளிடம் காதல் பேசும் பகுதியை ஒருமுறை பார்த்தால் ஐயம் நீங்கும்.

இனிக் களத் தரவு. பழைய தகடூரான தருமபுரியின் மாவட்டத்தில் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் கிடந்து, சில இடங்களில் வேடியப்பனாகப் பொங்கலும் வாங்கிக்கொண்டிருப்பவை அவை. வட்டெழுத்துப் பொறித்த பல்லவர் காலக் கல் ஒன்றின் முன் குந்தி உட்கார்ந்து பார்த்தால், வீரன் இடக்கையில் வில்லைப் பிடித்திருக்கிறான், வலக்கையில் குறுவாள். உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. காலடியில் கெண்டியும் சிமிழும். எழுத்தில் இருப்பது இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டு, இன்ன ஊர்த் தொறு (ஆநிரை), இன்னாருடைய சேவகன், பட்டான் என்பது மட்டுமே. வலிமை 17, சாமர்த்தியம் 14 என்ற கணக்கு எந்தக் கல்லிலும் இல்லை.

அடுத்த கல்லிலும் வில்லும் வாளும். அதற்கடுத்ததிலும் அப்படியே. வில்லுக்கு ஒருவன், வாளுக்கு ஒருவன் என்ற பிரிவினை இந்நாட்டில் எடுபடவில்லை என்பது இதனால் போதரும். நான்கு பேர் சேர்ந்து போகிறவர்களுக்குத்தான் டேங்க், ஹீலர் என்ற சொகுசெல்லாம். விடியற்காலை மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவனைத் துரத்துகிறவன், கையில் கிடைத்த இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். தனித்தேர்ச்சிக்குச் சான்றாகச் சொல்லத்தக்கது புலிகுத்திப்பட்டான் கல். விளையாட்டில் ரேஞ்சருக்கு வாய்க்கும் ‘ஒரே வகை எதிரி’ என்ற திறனை இது ஒக்கும். ரேஞ்சருக்குத் துணை விலங்கும் உண்டு. அதற்கும் சான்று இருக்கிறது: எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்தில், கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்றதற்குக் கல்லில் இடம் பெற்றிருக்கிறது. எடுத்தனூர் திருவண்ணாமலை மாவட்டம். ஆய்வு எல்லைக்கு வெளியே. நாய்க்கு எல்லை கிடையாது என்பதால் சேர்க்கப்பட்டது.

காலடிக் கெண்டியை அ ‘ஹெல்த் பொஷன்’ என்றார். கள் என்பதே பொருந்தும். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாய்ந்தபின், அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் உகுப்பதை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். குடித்தால் உயிர் ஏறாது. இருந்தாலும் அ அந்த வேறுபாட்டை ஏற்கவில்லை.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையின் சான்றையும் இங்கே கொள்க. அவன் படைக்கலக் கொட்டிலில் வேல்கள் பீலி அணிந்து, நெய் பூசி, காவலோடு பளபளத்தன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. கிடைத்த பொஷனையெல்லாம் ‘கடைசிச் சண்டைக்கு வேணும்’ என்று சேர்த்து, கடைசிச் சண்டையிலும் குடிக்காமல் விளையாட்டை முடிக்கும் ஆ, தொண்டைமான் மரபினர் என்பது தெளிவு.

இவ்விடத்தில் ஆய்வுக்கு ஒரு பெருந்தடை. நடுகல் இறந்தவனுக்குத்தான் நடப்பட்டது. மாட்டை மீட்டுப் பத்திரமாக வீடு திரும்பி, களி தின்று படுத்தவனுக்குக் கல் இல்லை. ஆகவே கல்லைப் பார்த்துக் கிளாஸ் தேர்வது, தோற்ற பில்டுகளை மட்டும் பார்த்துத் தேர்வதாகும். தப்பிப் பிழைத்த கிளாஸ் எது என்பதே சரியான கேள்வி.

அதற்கு விடை தகடூரிலேயே இருக்கிறது. மலைப் பிளவில் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனி அதியமான் கைக்கு வந்தது. உண்டவருக்கு நீண்ட ஆயுள். டேங்க் அதைத் தானே தின்றிருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவனோ அதன் பலனைச் சொல்லாமல் ஔவைக்குக் கொடுத்தான். விளக்கக் குறிப்பை மறைத்து ஐட்டம் கைமாற்றிய முதல் நிகழ்வு இதுவே எனலாம். பின்பு சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். அதியமான் மார்பில் வேல் பாய்ந்து மாய்ந்ததை இருந்து பாடியவர் ஔவை. அப்போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்ற முழு நூலே சில பாடல்கள் தவிர அழிந்துபோனது. ஔவை பாடியவை நின்றன. வில், வாள், கோட்டை எல்லாவற்றையும்விட நெடுநாள் தாக்குப்பிடித்த கிளாஸ் புலவர், பாணர் வகை என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. விளையாட்டில் இது ‘பார்டு’ எனப்படும், யாழ் வாசிக்கும், சண்டைக்கு முன் பேசியே காரியம் முடிக்கும், ஔவை தொண்டைமானிடம் செய்ததும் அதுவே.

முடிவு தகவலாளிகளுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது. “நெல்லிக்காய யாரு குடுப்பா?” என்று ஆ கேட்ட வினா அடுத்த கட்ட ஆய்வுக்கு ஒதுக்கப்படுகிறது. அ மட்டும் பெருமனத்தோடு பார்டு எடுத்தார். முதல் சண்டையிலேயே அந்தப் பார்டு சிறு பூதம் ஒன்றிடம் அடிவாங்கி இறந்தது, ஆய்வுக் காலம் முடிந்தபின் கிடைத்த தரவு ஆதலின் இங்குக் கொள்ளப்படவில்லை.