மதிப்புரையாளரும் இசைத்தட்டுக் கடைக்காரரும்

விதைப்புக் கருவியை உருவாக்கிய 18-ஆம் நூற்றாண்டு வேளாண் அறிஞரின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்ட ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் குழு, 1972-இல் வெளியிட்ட 'திக் ஆஸ் எ பிரிக்' என்ற ஒரே பாட்டு ஏறத்தாழ 44 நிமிடம் ஓடி, இசைத்தட்டின் இரு பக்கங்களையும் தனக்கே எடுத்துக்கொண்டது. அவ்வாண்டின் இலண்டனில், இரு கற்பனை மனிதர் அதைப் பற்றிப் பேசிக்கொள்வது பின்வருமாறு.

மதிப்புரையாளர்: ராக் இசையில் செவ்வியல் இசையின் விரிவையும் சிக்கலான தாளக்கட்டுகளையும் புகுத்தும் புராகிரசிவ் ராக் இந்தப் பாட்டில்தான் கரை கண்டிருக்கிறது, அதிலும், எட்டு வயதுச் சிறுவன் ஜெரால்ட் பாஸ்டாக் எழுதிய நெடுங்கவிதை இது என்பது வியப்பிலும் வியப்பு.

கடைக்காரர்: அந்தச் சிறுவன் பிறக்கவே இல்லை, ஐயா. எழுதியவர் குழுவின் பாடகரும் புல்லாங்குழல் கலைஞருமான இயான் ஆண்டர்சன்.

மதிப்புரையாளர்: அவனுக்குக் கொடுத்த பரிசு பறிக்கப்பட்ட செய்தி, உறையாக வந்த செய்தித்தாளின் முதல் பக்கத்தில் படத்தோடு இருக்கிறதே!

கடைக்காரர்: அந்த 12 பக்கச் செய்தித்தாளே குழுவினர் கட்டிய கதைதான், இந்த ஆல்பத்துக்கான மதிப்புரையும் அதிலேயே இருப்பதால், தங்கள் வேலையையும் அவர்களே முடித்துவிட்டார்கள்.

மதிப்புரையாளர்: கதையாகவே இருக்கட்டும், ஒரே கருவைச் சுற்றி அமையும் கான்செப்ட் ஆல்பம் என்ற வடிவத்தில், 1971-இல் வந்த 'அக்வாலங்' முதற்படி என்றால் இது உச்சி.

கடைக்காரர்: 'அக்வாலங்' வெறும் பாட்டுத் தொகுப்பு என்று ஆண்டர்சன் சொல்லிச் சலித்த பிறகும், தங்களைப் போன்றோர் அதற்குத் தத்துவம் கற்பித்ததுதான் வினையாயிற்று, கேட்டவர்களுக்கு வயிறு முட்டப் பரிமாறிவிட்டார்.

மதிப்புரையாளர்: முதல் பக்கத்தின் முடிவில் இசை தேய்ந்து மறைவது மரணத்தைக் குறிக்கிறது என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டதே!

கடைக்காரர்: எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்பதைத்தான் அது குறிக்கிறது, ஐயா.

வாதத்தில் கடைக்காரர் வென்றாலும், மதிப்புரையாளரின் காது பிழைபட்டது என்று சொல்வதற்கில்லை: கிதாரும் புல்லாங்குழலும் இழையும் மென்மையான தொடக்கத்திலிருந்து ஆர்கனும் டிரம்ஸும் மோதும் பகுதிகள் வரை, ஒரு மெட்டு மறைந்து வேறு கோலத்தில் திரும்பிவரும் நேர்த்தி, கேலி ஒன்றையே மூலதனமாகக் கொண்டு கைகூடுவதன்று. கேலிக்கு ஆளானவர்களும் காசு கொடுத்து வாங்க, அது அவ்வாண்டே அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது.