இருபத்தொரு சொட்டு

கல்லூரியில் சோபிக்காமற்போன பெண்ணுக்கு யோசனை சொல்லும் உரிமை நம் குடும்பங்களில் யாருக்கும் மறுக்கப்படுவதில்லை. தையல் வகுப்பு என்பார் ஒருவர். வங்கிப் பரீட்சை என்பார் இன்னொருவர். பரீட்சை என்ற பதத்தைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் மூன்றாமவர், கல்யாணத்தைச் செய்து அனுப்பிவிட்டால் மதிப்பெண்ணை யார் கேட்கப் போகிறார்கள் என்று விவாதத்தைச் சுபமாக முடித்து வைப்பார். என் விஷயத்தில் இம்மூன்றும் முறைப்படி அனுஷ்டிக்கப்பட்டன. தையல் இயந்திரம் இன்றும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தலைகவிழ்ந்து நிற்கிறது. வங்கிகள் என் ஒத்தாசையின்றியே நடந்து வருகின்றன. கல்யாணம் மட்டும் நிலைத்தது.

இவ்வளவுக்கும் பிறகு, முப்பது வயதைத் தாண்டி, தலையில் ஓரிரு வெள்ளிக் கம்பிகளும் தென்படத் தொடங்கிவிட்ட காலத்தில், நர்சிங் படிக்கப் போகிறேன் என்று நான் பிரஸ்தாபித்தபோது, வீட்டில் முதலில் சிரித்தவர்கள் அப்புறம்தான் திகைத்தார்கள். என் பெரியப்பா ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராகையால், எந்த மனுஷனையும் அவனுடைய ரிக்கார்டைக் கொண்டுதான் மதிப்பிடுவார். "பிசிக்ஸ்ல நீ கணக்கைத் தப்பாப் போட்டா எலெக்ட்ரானுக்கு ஒண்ணும் ஆயிடாதும்மா. இது மனுஷ உசிரு" என்றார். பிறகு, எந்த ஆஸ்பத்திரியில் எங்களைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள் என்று வெகு அக்கறையாக விசாரித்து, அதன் பெயரைத் தம் டைரியில் குறித்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு என் படிப்பில் இத்தனை சிரத்தையா என்று நான் நெகிழ்ந்திருந்தபோது, ஆபத்துக் காலத்தில் ஆம்புலன்ஸ்காரன் தம்மைத் தவறியும் அங்கே கொண்டுபோய்விடக் கூடாதென்பதற்காகவே அந்தக் குறிப்பு என்று பெரியம்மா ரகசியமாகத் தெரிவித்தாள்.

அந்தப் பழைய ரிக்கார்டைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மாணவ உலகம் அரியர் என்றழைக்கும் அந்தப் பாக்கிகள், ஒவ்வொரு பருவத்திலும் முந்தைய பருவத்தின் பாக்கியோடு சேர்ந்து வட்டியும் முதலுமாக வளர்ந்து, கடைசியில் எது நான் எழுதிய பரீட்சை, எது எழுதப்போகும் பரீட்சை என்று எனக்கே விளங்காத ஒரு ஸ்திதியை எட்டியபோது, சர்வகலாசாலையும் நானும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்தோம். அவ்வளவுதான்.

விதிகளோ பெரியப்பாவைக் காட்டிலும் தாராளமானவை. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளபடி, ஜி.என்.எம். என்னும் மூன்றாண்டு டிப்ளமோவில் சேர விரும்புகிறவள் 17 வயது நிரம்பி 35-ஐத் தாண்டாதவளாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் 40 சதவிகித மதிப்பெண்ணும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் பெற்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் எந்தக் கல்லூரியில் என்னவானாள் என்று அவை விசாரிப்பதேயில்லை. ஆனாலும், கேட்காத கேள்விக்கும் பதில் தயாரித்துக்கொண்டு போகிற சுபாவம் தோற்றவர்களுக்கு உண்டல்லவா? பருவத்துக்கொன்றாக அத்தனை மதிப்பெண் பட்டியல்களையும் ஒரு ஃபைலில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு நேர்காணலில் உட்கார்ந்திருந்தேன். முதல்வர் அம்மையார் அதைத் தொடக்கூட இல்லை. இத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

"படுக்கைப்புண் வந்துதா?"

"இல்லீங்க மேடம்."

"எத்தனை மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வச்சீங்க?"

"மணி பாத்ததில்லீங்க. அத்தை வைவாங்க, உடனே புரட்டுவேன். ரெண்டு மணிக்கு ஒருதரமாவது வைவாங்க."

இரண்டு மணி நேரத்துக்கொரு முறை என்பதே பாடப் புத்தகமும் சொல்லும் கணக்கு என்று பிற்பாடு அறிந்துகொண்டேன். சாஸ்திரம் பயிலாமலே அந்தக் கால அட்டவணையை வாயாலேயே நிர்வகித்துவந்த என் மாமியாரின் ஞானத்தை, அன்றுதான் நான் பூரணமாக உணர்ந்தேன்.

வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பின் சூடு ஆறாத சிறுமிகள். பெரும்பாலோர் 'அக்கா' என்றழைத்தார்கள். மனசாட்சிக்குப் பயந்த சிலர் 'ஆன்ட்டி' என்றார்கள். முதல் சில வாரங்கள் படுக்கை விரிக்கும் கலையில் கழிந்தன. படுக்கை விரிக்கத் தெரியாத குடும்ப ஸ்திரீ உண்டோ என்று அலட்சியமாகத்தான் போனேன். மெத்தையுறை, கீழ்விரிப்பு, ரப்பர் ஷீட், அதன்மேல் குறுக்குவிரிப்பு, பிறகு மேல்விரிப்பு, கம்பளி என்று வரிசை பிசகாமல் போட்டு, நாலு மூலையையும் தபால் உறையைப் போல் மடித்துச் செருகி, நிமிர்ந்து நின்று பாராட்டுக்குக் காத்திருந்தபோது, தலையணை உறையின் திறந்த வாய் வாசலைப் பார்த்திருக்கிறதென்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். வாசல் வழியே வருகிறவர்களுக்குத் தலையணையின் வாய் தெரியலாகாது என்பது இத்துறையின் மரபு. தலையணையின் வாயை அடக்குவதில் காட்டும் இந்தக் கண்டிப்பைப் பார்வையாளர் நேரத்தில் வரும் உறவினர்களிடமும் காட்டினால், நோயாளிகள் இன்னும் சீக்கிரம் குணமடைவார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

நைட்டிங்கேல் அம்மையாரின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் எனக்கு ஓரளவு தைரியம் பிறந்தது. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் முதலில் சேர்ந்த 15 பெண்களுக்கும் மாதந்தோறும் ஒரு பட்டியல் தயாரிக்கப்பட்டதாம். அதில் காலந்தவறாமை, நம்பகம், தேக சுத்தம் ஆகியவற்றோடு சப்தம் செய்யாமைக்கும் ஒரு கட்டம் போட்டு, மிகச் சிறப்பு முதல் பூஜ்யம் வரை தரம் குறித்தார்கள். சப்தம் செய்யாமைக்குத் தரம் போடும் இந்த உயரிய வழக்கம் எங்கள் இயற்பியல் துறையில் இருந்திருக்குமானால், கடைசி பெஞ்சில் நான் நித்திரையில் கழித்த மத்தியானங்கள் எனக்கு ஒரு தங்கப் பதக்கத்தையே சம்பாதித்துக் கொடுத்திருக்கும்.

வகுப்புத் தோழிகளுக்கு ஞாபகசக்தி அபாரம். உடம்பின் 206 எலும்புகளையும் தலையிலிருந்து பாதம் வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். எனக்கோ ஓர் எலும்பைக் கற்றால் பழைய எலும்பொன்று நழுவிவிடும். ஆனால் வார்டுக்குள் நுழைந்த பிறகு ஒரு விநோதத்தைக் கண்டேன். ஞாபகசக்தியை அங்கே யாரும் மதிப்பதில்லை. சொல்லப்போனால், அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். மருந்துக் குப்பியின்மேல் ஒட்டிய சீட்டை, குப்பியை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, அளந்து ஊற்றுமுன் ஒரு முறை, திருப்பி வைக்கும்போது ஒரு முறை என்று மூன்று தரம் வாசிக்க வேண்டும் என்பது விதி. செய்ததை எழுதாவிட்டால் செய்யாததாகவே கொள்ளப்படும் என்பது இன்னொன்று. நாடியைக் கட்டைவிரலால் பார்க்கலாகாது, ஏனெனில் கட்டைவிரலுக்கும் ஒரு துடிப்புண்டு, நம் நாடியையே எண்ணி நோயாளியின் நாடியென்று எழுதிவைப்போம் என்பது மற்றொன்று. மூச்சைக் கணக்கெடுக்கும்போதோ, எண்ணப்படுகிறோம் என்று தெரிந்தால் மனுஷன் மூச்சை மாற்றிவிடுவான் என்பதற்காக, நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே மார்பைக் கவனிக்க வேண்டுமாம். நோயாளியை மாத்திரமல்ல, தன் விரலையும் தன் மூளையையும்கூட நம்பாதே என்று அடித்தளமிட்டுக் கட்டிய ஒரு சாஸ்திரம் உலகத்தில் இருக்கிறதென்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நான் இயற்பியலின் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டேன். கெட்டிக்காரப் பெண்கள் இதற்கெல்லாம் சலித்துக்கொண்டார்கள். தன் மூளையை நம்பக் கூடாதென்ற பாடத்தை நானோ கல்லூரியிலேயே பழுதறக் கற்று வந்திருந்தேன்; அதுவொன்றுக்குத்தான் அரியர் வைக்கவில்லை.

அப்படி ஓர் இரவுப் பணியில், நெஞ்சு பலவீனமான ஒரு கிழவிக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. 500 மில்லியை 8 மணி நேரத்தில் இறக்க வேண்டும். குழாயோ மில்லிக்கு 20 சொட்டு விடும் ரகம். ஆக 10,000 சொட்டை 480 நிமிஷத்துக்குப் பங்கிட்டால் நிமிஷத்துக்கு 21 சொட்டு. இதை நான் உள்ளங்கையில் ஒருதரமும் காகிதத்தில் ஒருதரமும் போட்டு, விடை ஒன்றாகவே வந்ததில் சற்றுக் கலவரமடைந்து, ஸ்டாஃப் நர்ஸிடமும் காட்டி ஊர்ஜிதம் செய்துகொண்டேன். சொட்டையும் எண்ணினேன், 21. கால்மணி கழித்து, எண்ணியது சரிதானா என்ற சந்தேகத்தில் மறுபடி எண்ணினேன், 21. சரியாக எண்ணியதுதான் சரியா என்ற சந்தேகத்தில் இன்னொரு தரம் போனால், சொட்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழுகின்றன! நாற்பதுக்கு மேல் எண்ணி நிறுத்திவிட்டுத் திரும்பினேன். கிழவியின் மகன் கட்டிலுக்கடியில் பாய் விரித்தபடி என்னைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார்.

"சொட்டுச் சொட்டா எம்புட்டு நேரந் தாயி விடுவாக? கொஞ்சம் தெறந்து விட்டேன். வயலுக்குத் தண்ணி பாச்சுறவன் நானு, எனக்கு மடை தெறக்கத் தெரியாதா?"

குழாயின் சக்கரத்தைத் திருகிக் குறைத்துவிட்டு, ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட்டேன். பலவீனமான இருதயம் இந்த வேகத்தில் வரும் தண்ணீரை இறைக்க மாட்டாது, அது நுரையீரலில் போய்த் தேங்கி மூச்சை அடைத்துவிடும் என்று அவர் விளக்கியதும், மனுஷர் வெலவெலத்து, அன்றிரவு முழுவதும் அந்தச் சக்கரத்தை நாகப்பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திருந்திவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் விடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் வார்டு சிஸ்டர் சுற்றி வந்தபோது, கிழவியிடம் இரவு எப்படிப் போயிற்றென்று கேட்டார். என்னைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்வாள் என்ற எதிர்பார்ப்பில் நானும் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா ராவெல்லாம் இந்தப் புள்ள தலமாட்டுல நின்னு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே இருந்துச்சு. கண்ண மூட விடல. இன்னைக்கு ராவைக்கு நல்லாப் படிச்ச புள்ளையா ஒண்ண அனுப்பி வையிங்க. படிச்ச புள்ளைன்னா ஒருதரம் எண்ணுனாப் போதும்ல?"