தனித்து நின்ற ஆல்பம்

தனி ஆல்பம் போடுவதில் விருத்தாசலத்துக்கு முன் அனுபவம் உண்டு. 2006 சட்டமன்றத் தேர்தலில் விஜயகாந்த் கூட்டணி எதுவும் இல்லாமல், சொந்த பேனரில் தமிழ்நாடு முழுக்க ஓர் ஆல்பம் இறக்கினார். ஹிட் ஆனது ஒரே பாட்டு: எங்கள் தொகுதி. அதே ஆண்டுதான் மலேசியாவில் யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' வெளியிட்டு, ராப் தமிழிலும் வாய்க்கும் என்று காட்டினார்கள். 2011-இல் கேப்டன் விஜயகாந்த் கூட்டணி சேர்ந்தார். தொகுதியும் ரிஷிவந்தியம் ஆயிற்று. ராப்பர்கள் இதைத்தான் கௌரவமாக 'ஃபீச்சரிங்' என்கிறார்கள்.

நம்மூரில் சுயாதீன இசை என்பது பெரும்பாலும் சினிமாவுக்குப் போடும் மனு. ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' வந்தது 2012-இல். மனு ஏற்கப்பட்டு 2015-இல் 'ஆம்பள' படத்துக்கு இசை. 2017-இல் அதே ஹிப்ஹாப் தமிழாவின் ஆதி 'மீசைய முறுக்கு' நாயகன். ராப்பர் அறிவு கொஞ்சம் வம்புக்காரர். சினிமாவுக்கும் எழுதிக்கொண்டு, 2024-இல் பாட்டி பேரைச் சொல்லி 'வள்ளியம்மா பேராண்டி' என்று தனி ஆல்பமும் போட்டார். பாட்டி பேருக்கு எந்தத் தயாரிப்பாளர் அட்வான்ஸ் தருவார்?

எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில், பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பையன் காதில் இயர்போன். கூழ் வழிவது தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு பாட்டுடா தம்பி?"

"நம்ம ஃபிரெண்டுதாண்ணே. இண்டிபெண்டென்ட் ஆல்பம்."

"அப்படின்னா?"

"கம்பெனி கிடையாதுண்ணே. அவங்கப்பா காசு."