முழுநேர விவசாயி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் வாழும் ஜீவராசிகளுக்கு அரசாங்கம் பெரிதாகக் குறை வைக்கவில்லை. நரை அணிலுக்கு 1988-இல் சரணாலயம் வந்தது. புலிக்கு 2021-இல் காப்பகம் வந்தது. அடிவாரத் தோப்புகளில் அண்மைக்காலமாகப் பெருகிவரும் இன்னோர் இனத்துக்குத்தான் இதுவரை யாரும் பாதுகாப்பு அறிவிக்கவில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ பார்த்த கம்ப்யூட்டர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, மூன்று ஏக்கரும் முப்பது யூடியூப் வீடியோக்களுமாக வந்து இறங்குகிற தம்பியைச் சொல்கிறேன். (தங்கைகளும் உண்டு, அவர்கள் இவ்வளவு சத்தம் போடுவதில்லை.) தம்பியை அடையாளம் காண்பது எளிது. காரின் பின்கண்ணாடியில் 'விவசாயி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் உரமூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு போகிற பரம்பரை விவசாயியின் வண்டியில் அப்படி எதுவும் எழுதியிருக்காது. பைனான்ஸ் கம்பெனியின் பெயர் வேண்டுமானால் இருக்கும். தம்பியின் மோட்டார் ரூம் வாசலில் 200 லிட்டர் நீல டிரம் நிற்கும். பத்துக் கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். ஜீவாமிர்தம் என்கிற இந்த இயற்கை உரக் கரைசலை அவன் காலையும் மாலையும் வலப்பக்கமாகவே கலக்குவான். பக்கத்துத் தோப்பு அண்ணாச்சி அந்தப் பயறு மாவையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இவனைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, மடை திருப்பத் தெரியவில்லை, மூன்று ஏக்கரில் கொய்யா, முருங்கை, டிராகன் பழம், செம்மரம், மாப்பிள்ளைச் சம்பா எல்லாவற்றையும் ஒரே ஆடியில் வைத்துவிட்டான் என்று சிரிக்கிறது. சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு. காரணத்தில்தான் உடன்பாடு இல்லை. தெரியாமை இரண்டு போகத்தில் தீர்ந்துவிடுகிற வியாதி. கேட்டால் சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்காமலே சொல்ல கம்மாய்க்கரை முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். தம்பியிடம் நகைக்கத்தக்கது ஒன்றே ஒன்றுதான். உண்மையான விவசாயி ஆக வேண்டும் என்று வேலையை விட்டான் பாருங்கள், இந்த வட்டாரத்தில் எந்த விவசாயியும் கனவிலும் செய்யாத காரியம் அது.

கணக்கைப் பார்ப்போம். 2018-19 வேளாண் ஆண்டுக்காகத் தேசிய மாதிரி ஆய்வின் 77-ஆம் சுற்று எடுத்த கணக்கின்படி, இந்திய விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் கொடுத்தது 3,798 ரூபாய். ஆடுமாடு 1,582. கூலியும் சம்பளமுமாக வந்தது 4,063. நம் நாட்டுச் சராசரி விவசாயி வெள்ளாமையில் பார்க்கிற காசைவிடச் சம்பளத்தில் பார்க்கிற காசு அதிகம் என்று அரசாங்கமே எழுதிவைத்திருக்கிறது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கைவசம் சராசரியாக இருக்கும் நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதை மட்டும் நம்பி ஒரு வீடு ஓடாது என்பது அந்த வீட்டில் உள்ளவர்களுக்கு எப்போதோ தெரியும். ஆகவே ஒருவர் வயலுக்குப் போனால் இன்னொருவர் மில்லுக்குப் போவார். மூன்றாமவர் மாட்டுக்குத் தவிடு வைப்பார்.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்படித்தான் வளர்ந்தன. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன்பின் இங்கே ஷிப்ட் முடிந்து வந்து தண்ணீர் பாய்ச்சுகிறவர் யாருக்கும் அதிசயமில்லை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டுக்குக் கொஞ்சம் காடும் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் கடாயைப் பாராட்டினார்கள்; கடாய்க்குப் பின்னால் இருக்கிற மாட்டை யாரும் பேசவில்லை. வயல் போகத்துக்கு ஒருமுறை காசு தரும், தந்தால். மாடு தினமும் தரும். அவ்வளவு ஏன், ஸ்ரீவில்லிபுத்தூரின் மிகப் புகழ்பெற்ற தோட்டக்காரர் பெரியாழ்வார். நந்தவனத்தில் துளசி வளர்த்தவர்தான், ஆனால் பாசுரம் பாடியதும் அவரே, பாண்டியன் சபையில் வாதம் செய்து பொற்கிழி பெற்றதும் அவரே என்கிறது மரபு. நந்தவனம் மட்டும் போதும் என்று அவர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளவில்லை.

தம்பி இதற்கு உடனே இரண்டு பெயர்களைச் சொல்வான். இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் அரசாங்க வேலையை உதறவில்லையா? ஜப்பானின் இயற்கை விவசாயி புகுவோகா ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகவில்லையா? இரண்டும் நிஜம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையைத்தான் 1969-இல் நம்மாழ்வார் விட்டார். விட்டுவிட்டு அவர் மூன்று ஏக்கர் வாங்கித் தக்காளி போடவில்லை. களக்காட்டில் 'அமைதித் தீவு' என்ற தொண்டு அமைப்பில் வேளாண்மை அலுவலராகச் சேர்ந்து பத்தாண்டு வேலை பார்த்தார். பிறகும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பதே அவர் வாழ்க்கையாக இருந்தது. ஜப்பானியக் கதை இன்னும் ருசியானது. யோகோஹாமா சுங்கத்துறையில் பார்த்த ஆராய்ச்சி வேலையை விட்ட புகுவோகா, அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போய், கவாத்து செய்யாமல் இயற்கையிடம் ஒப்படைத்தார். மரங்கள் கூட்டமாகச் செத்தன. அவர் மறுபடி கோச்சி மாகாண ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் நிலத்துக்குத் திரும்பினார். இதை அவரே 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தம்பியின் பிரதியில் அந்தப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன போலும்.

வேறு வேலையும் பார்த்துக்கொண்டு அரைமனதோடு செய்தால் மண் விளையுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் பயிரைப் பொறுத்தது. தக்காளியும் கத்தரியும் ஆளை அந்தண்டை இந்தண்டை விடாது. காலையில் ஒரு பூச்சி, மாலையில் ஒரு நோய், விற்கும் நாளில் விலை இல்லை. மாமரமும் தென்னையும் அப்படியல்ல. அவற்றுக்கு உரம் பட்டத்துக்கும் தண்ணீர் முறைவைத்தும் வேண்டும், மற்ற நேரம் மனிதரைத் தேடா. மில்லும் கடையும் உத்தியோகமும் உள்ளவர்கள் அடிவாரத்தில் சப்பட்டையும் பஞ்சவர்ணமுமாக மாந்தோப்பு வைத்துக்கொண்டதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கிலும் இரண்டு ஓட்டை உண்டு. ஒட்டு மா காய்க்க மூன்று நான்கு வருஷம், நெட்டைத் தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை சாப்பிட வேண்டும். அதற்குள் ஒரு ராத்திரி யானை இறங்கினால் குருத்தோடு போய்விடும். இரண்டுக்கும் மருந்து முதல் தேதி சம்பளம்தான். ஆனால் தம்பி என்ன செய்கிறான்? சம்பளத்தை விட்டுவிட்டுத் தென்னை வைக்கிறான். அல்லது சேமிப்பையெல்லாம் போட்டுத் தக்காளி வைக்கிறான். எக்செல்லில் மாத வருமானம் என்று ஒரு கட்டம் வேறு போட்டு வைத்திருக்கிறான்.

இன்னொரு குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. நகரத்துப் பணத்தோடு வந்து நிலத்தின் விலையை ஏற்றிவிடுகிறான். குத்தகைக்கு உழுதவர் ஒதுங்க வேண்டியிருக்கிறது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பிளாட் போட்டுக் கல் ஊன்றுகிறவரோடு ஒப்பிட்டால் தம்பி மண்ணை மண்ணாகவாவது விட்டுவைக்கிறான் என்று மட்டும் சொல்லலாம். விவசாயத்தால் பிழைக்க முடியாது என்று கேவலப்படுத்துகிறாயா என்று கேட்பவருக்குப் பதில் இருக்கிறது. நிலத்தைக் கேவலப்படுத்துவது அதன் மேல் கல்யாணச் செலவு, காலேஜ் பீஸ், கார் தவணை எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுவதுதான். கல்யாணத் தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை விவசாயம் என்றால் பெண் வீட்டில் காபியோடு முடிந்துவிடும். மாப்பிள்ளை மில்லில் சூப்பர்வைசர், தோப்பும் இருக்கிறது என்றால் பஜ்ஜி வரும். ஆளும் அதே, தோப்பும் அதே.

தம்பியும் இரண்டு வருஷத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறான். சனி ஞாயிறில் இயற்கை விவசாயப் பயிற்சி வகுப்பு நடத்துகிறான், செக்கெண்ணெய் ஆட்டி விற்கிறான், அல்லது வெட்கத்தோடு பழைய மேனேஜருக்குப் போன் போடுகிறான். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்ற வசதி வந்ததில் பலருக்கு ராஜினாமாவே தேவைப்படவில்லை. மோட்டார் ரூமில் லேப்டாப், வெளியே சொட்டுநீர். தோப்பு அண்ணாச்சி இவனைச் சக விவசாயியாக ஏற்றுக்கொண்டு கூலி ஆள் கிடைக்காத குறையைச் சொல்லத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். மிச்சம் இருக்கும் தொல்லை மும்முனை மின்சாரம். அது சரியாக மீட்டிங் நேரத்தில் வரும். மைக்கை அணைக்க மறந்து மடை திருப்ப ஓடினால், "தம்பி, வாய்க்கா ஒடைஞ்சு என் காட்டுக்குள்ள பாயுது, சீக்கிரம் வாப்பா!" என்று அண்ணாச்சி போடுகிற சத்தம் பெங்களூரில் பதினோரு பேருக்குக் கேட்கும்.