அன்றே கண்ட அண்ணல்

ஐம்பது பேர் ஏறும் பேருந்தும், கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடும் ஆளும் பிடிக்காதவர்களுக்காக ஏற்பட்டது சிறு குழுச் சுற்றுலா. பன்னிரண்டு பேர், ஒரு வேன், ஒரு வழிகாட்டி. அல்பேனியாவுக்கு இதுதான் தோது. பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்குப் பெரிய வண்டி போகவே போகாது. இந்தப் பன்னிரண்டு பேரில் ஓயாமல் படம் எடுப்பவர் ஒருவர் இருப்பார். எதைக் கொடுத்தாலும் “இதில் என்ன போட்டிருக்கிறது?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் வைப்பவர் ஒருவர் இருப்பார். வேன் கிளம்பியதும் தூங்கி, இறங்கியதும் “எந்த ஊர்?” என்பவர் ஒருவர். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இன்னொருவர் இருப்பார். அவர் இந்த நாட்டை ஏற்கெனவே பார்த்தவர்.

பார்த்தவர் என்றால் சும்மா பார்த்தவர் இல்லை. நாடு கெடுவதற்கு முன்னால் பார்த்தவர். நீங்கள் இப்போது பணம் கட்டிப் பார்ப்பது, அவர் அன்றைக்குப் பார்த்ததன் எச்சம். குற்றாலத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு “இதெல்லாம் ஒரு தண்ணியா?” என்று நிற்கும் நம்மவர்கள் அவருக்குப் பங்காளி முறை. இந்த வகையினரை அண்ணல் என்று அழைப்பதே மரியாதை.

எங்கள் வேனுக்கு வாய்த்த அண்ணல் ஓர் ஆங்கிலேயர். எழுபதை ஒட்டிய வயது, எண்ணற்ற பைகள் வைத்த கையில்லாச் சட்டை, கழுத்தில் தொலைநோக்கி. 1983-ல் அல்பேனியாவுக்கு வந்தவர். சர்வாதிகாரி என்வர் ஹோஜா உயிரோடு இருந்த காலம். வெளிநாட்டுக்காரர் தனியாக வர வழியில்லை. அரசு ஏற்பாடு செய்யும் குழுவில் ஒருவராகத்தான் வரலாம், காட்டியதைத்தான் பார்க்கலாம். இது ஏதோ அவர் கண்டுபிடித்த பயண முறை என்பதுபோல அண்ணல் சொல்வார்.

“எல்லையிலேயே தாடியை எடுத்துவிட்டார்கள். முடி நீளமாக இருந்தவனுக்குக் கத்தரி. அகலக் கால்சட்டை போட்டிருந்தவனை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். அதுதான் அனுபவம்! இப்போது பாஸ்போர்ட்டைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை.”

திரானா விமான நிலையத்தில் அவர் தாடியை ஒருவரும் தொடவில்லை என்ற குறை அவர் பேச்சில் கடைசி வரை இருந்தது. அந்த விமான நிலையத்துக்கு அன்னை தெரசாவின் பெயர். அவர் அல்பேனிய இனத்தவர். பெயர்ப் பலகையைப் பார்த்து நான் நம்மூர்க்காரரைப் பார்த்ததுபோல மகிழ்ந்துகொண்டிருந்தேன். “83-ல் இந்தப் பெயர் கிடையாது” என்றார் அண்ணல்.

வழிகாட்டி முப்பது வயது இருக்கக்கூடிய பெண். அவருக்கு அண்ணல் புதிதில்லை. வாராவாரம் ஒருவர் வருவார் போலிருக்கிறது. எதிர்த்துப் பேசவே மாட்டார். தலையை ஆட்டிவிட்டு, ஒரே ஒரு தகவலை மட்டும் சேர்த்துச் சொல்வார்.

ஸ்கந்தர்பெக் சதுக்கத்தில் நின்று அண்ணல் கையை விரித்தார். “அன்றைக்கு இந்தச் சதுக்கத்தில் ஒரு கார் கிடையாது!”

“இப்போதும் கிடையாது சார். 2017-ல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள்” என்றார் அந்தப் பெண்.

நாங்கள் எல்லாரும் சுற்றிப் பார்த்தோம். உண்மைதான். கல் பாவிய பெருவெளியில் குழந்தைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணல் அசரவில்லை. “அது வேறு மாதிரி இல்லாமல் இருந்தது” என்றார். வேறு மாதிரிதான். அன்றைக்குத் தனி மனிதர் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளவே தடை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ‘இலைகளின் வீடு’ என்ற அருங்காட்சியகம். கொடி படர்ந்த அழகான வீடு. ஹோஜாவின் ரகசியப் போலீஸ் ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்டது அங்கிருந்துதான். ஒட்டுக்கேட்கும் கருவிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே அண்ணல் தம் பழைய வழிகாட்டியை நினைத்து உருகினார். “எவ்வளவு அக்கறையான மனிதர்! இந்தக் காலத்தில் அப்படி யாரும் கிடைக்க மாட்டார்கள். நான் எங்கே போனாலும் கூடவே வருவார். என்ன கேட்டேன், யாரோடு பேசினேன் என்றுகூடக் குறித்துவைத்துக்கொள்வார்.”

“அப்படியா சார்? அந்தக் குறிப்பு ஏதாவது ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும்” என்றார் எங்கள் வழிகாட்டி.

இந்த வகையினர் இன்று நேற்று முளைத்தவர்கள் இல்லை. கவிஞர் பைரன் 1809-ல் இங்குள்ள தெப்பெலேனாவுக்குப் போய், இந்தப் பகுதியை ஆண்ட அலி பாஷாவைச் சந்தித்தார். சின்னக் காது, சுருட்டை முடி, சிறிய வெள்ளைக் கை, ஆகவே நீ நல்ல குலத்தில் பிறந்தவன்தான் என்று பாஷா தம்மைப் பாராட்டியதை அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அல்பேனிய உடைகளை வாங்கிக்கொண்டு போய், அவற்றைப் போட்டுக்கொண்டு ஓவியமும் வரையவைத்துக்கொண்டார். நாம் அங்கே போனோம், ஊரார் போகவில்லை என்பதை ஊருக்குத் தெரிவிக்கும் கலைக்கு அந்த ஓவியம் முன்னோடி. 1848-ல் ஓவியர் எட்வர்ட் லியர் வந்து மலைகளை வரைந்தார். எல்பசானில் அவர் வரைவதைப் பார்த்தவர்கள் சாத்தான் வேலை என்று கூச்சல் போட்டார்கள். ஆங்கிலேயப் பயணி எடித் டர்ஹம் 1908-ல் வட மலைகளில் சுற்றி, மறு வருடம் புத்தகம் போட்டார். அந்த அம்மாளை இந்த வம்சத்தில் சேர்ப்பது பாவம். அவர் மலைமக்களுக்காக உண்மையிலேயே உழைத்தவர். அவர்களும் தங்கள் அரசி என்று கொண்டாடினார்கள். ஆனால் அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருபவர் எல்லாரும் அண்ணல்தான்.

பெராத்தில் விஷயம் முற்றியது. மலைச்சரிவில் ஒன்றன் மேல் ஒன்றாக வெள்ளை வீடுகள், வீடு முழுக்க ஜன்னல்கள், கீழே ஓசும் என்ற ஆறு. மேலே கோட்டைக்குள் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. துணி காய்கிறது, பூனை தூங்குகிறது. 16-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒனுஃப்ரி வரைந்த திருவுருவங்கள் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் இருக்கின்றன. அவற்றிலுள்ள சிவப்பைப் பார்ப்பதற்கென்றே வரலாம். நாங்கள் அதைப் பார்க்கவிடாமல் இன்னொரு குரல் எழுந்தது. அதுவரை வாயே திறக்காமல் வந்த ஒரு டென்மார்க்காரர், தாம் 1993-ல் முதுகுப்பையோடு இங்கே வந்ததாகச் சொன்னார்.

ஒரே வேனில் இரண்டு அண்ணல்கள் இருந்தால் ஏலம் தொடங்கிவிடும். பொருள், பட்ட கஷ்டம்.

“எனக்கு ஹோட்டலில் வெந்நீர் வரவில்லை.”

“எனக்கு ஹோட்டலே இல்லை.”

“மின்சாரம் அடிக்கடி போகும்.”

“எங்கள் காலத்தில் மின்சாரம் வந்தால்தான் ஆச்சரியம்.”

“சாலையில் மாட்டுவண்டி மட்டும்தான்.”

“நான் மாட்டுவண்டியிலேயே போனேன்.”

மூத்தவர் கடைசியாகத் துருப்பை இறக்கினார். “நீங்கள் வந்தது எல்லாம் முடிந்த பிறகு. 91-லேயே கெட்டுவிட்டது.” 91-ல் கெட்டது என்று அவர் சொன்னது சர்வாதிகாரம் விழுந்ததை. டென்மார்க்காரர் தோற்று, ஒனுஃப்ரியைப் பார்க்க உள்ளே போனார். ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் காதருகே, “எனக்கு இங்கே முதல் தடவை. வெந்நீர் நன்றாக வருகிறது” என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

அன்று மாலை அண்ணல் தலையாட்டும் இலக்கணத்தை எங்களுக்குக் கற்பித்தார். இங்கே ஆமாம் என்பதற்கு இடவலமாக ஆட்டுவார்கள், இல்லை என்பதற்கு மேலும் கீழும். நாம் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய வழக்கம் அப்படித்தான். ஆனால் வெளிநாட்டாரோடு பழகியவர்கள் நமக்காக மாற்றி ஆட்டுகிறார்கள். அவர்கள் மாற்றியதை அண்ணல் மறுபடி மாற்றினார். விளைவு, வேண்டாம் என்ற மூன்றாவது கோப்பை ராக்கிச் சாராயமும் அவர் முன்னால் வந்தது. குடித்தார். நான் நம் வழக்கப்படி தலையை எட்டுப் போடுவதுபோல ஒரு ஆட்டு ஆட்டினேன். பரிசாரகர் உள்ளே போய் முதலாளியை அழைத்துவந்தார்.

அடுத்து வந்த ஜிரோகாஸ்தர் கல் ஊர்; கூரைகூடக் கல் பலகைதான். ஹோஜா பிறந்ததும் அங்கே, எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே பிறந்ததும் அங்கே. ஓர் ஊருக்கு இது கொஞ்சம் அதிகம். 1957-ல் அல்பேனியாவில் வந்திறங்கிய அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று கோட்டைக்குள் துருப்பிடித்து நிற்கிறது. அதை மட்டும் பார்த்து அண்ணல் திருப்தியாகத் தலையசைத்தார். அன்று இருந்தபடியே இருக்கிறதாம்.

‘நீலக் கண்’ ஊற்றில்தான் அவரை முழுதாகப் புரிந்துகொண்டேன். பாறைக்கு அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வருகிறது. நடுவில் கரு நீலம், சுற்றிலும் பச்சை, சில்லென்று எலும்பைத் தொடும். முக்குளிப்பவர்கள் ஐம்பது மீட்டர் வரை இறங்கியும் அடி தெரியவில்லை. நல்ல கூட்டம். 2023-ல் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் அல்பேனியாவுக்கு வந்தார்கள். நாட்டின் ஜனத்தொகையே 24 லட்சம்தான். அந்த ஒரு கோடியில் ஒரு பகுதி அன்றைக்கு ஊற்றைப் பார்க்கும் மேடையில் எங்களோடு நின்றது. அண்ணல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“83-ல் இங்கே ஒரு மனிதன் கிடையாது.”

“ஆமாம் சார். கட்சித் தலைவர்கள் மட்டும்தான் வரலாம்.”

நான் குறுக்கே புகுந்தேன். “அப்படியென்றால் நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?”

அண்ணல் தொலைநோக்கியைத் துடைத்தார். “சாலையிலிருந்து” என்றார்.

வடக்கே போனதும் அவருக்குக் கை ஓங்கும் என்று நினைத்தேன். கோமன் ஏரியில் படகு கிளம்பியது. இருபுறமும் செங்குத்தான பாறை, நடுவே நெளிந்து நெளிந்து போகும் பச்சைத் தண்ணீர். யாரும் பேசவில்லை. “இதைச் சொல்லுங்கள், இது இயற்கை!” என்று அண்ணல் ஆரம்பித்தார். “அன்றைக்கு இந்த ஏரியில் ஒரு படகு இருந்திருக்காது.”

வழிகாட்டி வெகு மென்மையாகச் சொன்னார். “ஏரியே இருந்திருக்காது சார். 83-ல் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே தண்ணீர் நின்றது.”

படகுக்காரர் பாட்டைச் சத்தமாக வைத்தார். நல்லதாகப் போயிற்று.

வால்போனாவிலிருந்து தெத்துக்கு மலையேற்றம். கணவாய் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். பீச் மரக் காடு, சுண்ணாம்புப் பாறை, வழியில் மலைத் தேநீர் விற்கும் குடிசை. ஒரு நாள் முழுக்க நடை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: அண்ணல் நன்றாக நடந்தார். எங்களில் இளையவர்கள் உட்கார்ந்த இடத்திலெல்லாம் அவர் உட்காரவில்லை. பறவைகளை அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கழுகைக் காட்டி, அது காற்றில் எப்படிச் சாய்கிறது என்று விளக்கினார்; அந்தப் பத்து நிமிடமும் வருடம் எதையும் சொல்லவில்லை. இறக்கத்தில் தெத்தின் சின்ன தேவாலயம் தெரிந்ததும் பழையபடி ஆகிவிட்டார்.

தெத்துக்கு 1983-ல் அவரை யாரும் அழைத்துவரவில்லை. ஆனாலும் அது கெட்டுவிட்டது என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. காரணம், ஷ்கோதரிலிருந்து சில வருடங்களுக்கு முன் வந்த தார்ச்சாலை. விருந்தினர் வீட்டின் அம்மாள் ரொட்டியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் வைத்துக்கொண்டிருக்க, இவர் சாலையைக் கண்டித்துப் பேசினார். இவர் என்ன சொல்கிறார் என்று அம்மாள் வழிகாட்டியைக் கேட்டார். வழிகாட்டி மொழிபெயர்த்ததும் அம்மாள் பரிமாறுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். வழிகாட்டி அதைத் திருப்பிச் சொன்னார்.

“முன்பெல்லாம் பனி விழுந்தால் வசந்தம் வரும் வரை யாரும் வர முடியாதாம், நோயாளியை வெளியே கொண்டுபோகவும் முடியாதாம். உங்களுக்கு அந்த அமைதி பிடிக்குமென்றால் ஜனவரியில் வந்து தங்கச் சொல்கிறார். வாடகையில் பாதிதான் வாங்குவாராம்.”

அண்ணல் யோசிப்பதாகச் சொன்னார். பிறகு வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டார். தம் அறையில் வெந்நீர் வரவில்லை என்று அன்றிரவு முதலில் புகார் சொன்னவரும் அவர்தான்.

கடைசி நாள் ஷ்கோதரில் காபிக்கு உட்கார்ந்தோம். இங்கே பணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1965-ல் லெக் நாணயத்தில் ஒரு சைபரை வெட்டினார்கள். பழைய பத்து லெக் புதிய ஒரு லெக் ஆயிற்று. அரை நூற்றாண்டு கழித்தும் ஜனங்கள் வாயில் பழைய கணக்கே வரும். நூறு என்பதை ஆயிரம் என்பார்கள். விவரம் தெரியாத பயணி மயங்கி விழுவான். அண்ணலுக்கோ இது தெரியும். இந்தத் தருணத்துக்காகவே அவர் திரும்பி வந்திருக்கிறார் என்று சொல்லலாம். எங்கள் மேஜையில் ஆளுக்கொரு மக்கியாத்தோ, தட்டு நிறையப் பிரெக் என்ற பலகாரம். காசு நான் கொடுக்கிறேன் என்றார். பரிசாரகப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. “ஆயிரம்” என்றான்.

அண்ணல் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். “கவனியுங்கள். இது பழைய கணக்கு.” சட்டையின் ஏதோ ஒரு பையிலிருந்து நூறு லெக் நாணயம் ஒன்றை எடுத்து, டக்கென்று மேஜையில் வைத்தார்.

பையன் நாணயத்தைப் பார்த்தான். அண்ணலின் நரைமுடியைப் பார்த்தான். அவன் சொன்னது புதிய கணக்குதான். அந்த வயதில் பழைய கணக்கு அவன் வாயில் ஏன் வரப்போகிறது? ஆனால் விருந்தாளியோடு வழக்காடுவது அந்த மலைநாட்டில் அழகில்லை. வலது கையை நெஞ்சில் வைத்து, லேசாகக் குனிந்து, நாணயத்தை எடுத்துக்கொண்டு போனான்.

“பார்த்தீர்களா!” அண்ணலுக்குக் குரல் தழுதழுத்தது. “இது மட்டும் கெடவில்லை. அன்றைக்கு வாங்கிய அதே விலை!”

எல்லாரும் வேனை நோக்கி நடந்தார்கள். வழிகாட்டி பின்தங்கி, ஆயிரம் லெக் தாள் ஒன்றைப் பையனிடம் கொடுத்து ஏதோ சொன்னார். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வேனில் ஏறும்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“1983-லிருந்து இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார், விலைவாசி தெரியாது என்றேன்.”