கையில் தட்டு, எப்படிக் கைதட்ட?

நெமிலிச்சேரிக்காரர் கரகம் பார்க்க மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறார். 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் மறுபடி வந்த சென்னை சங்கமம் கலைவிழாவில் பறை, ஒயில் எல்லாம் உண்டு. கூட்டம் என்னவோ உணவுக்கடை முன்னால்தான். ஒரு கையில் தட்டு, மறு கையில் செல்போன். ஆடுபவர் தலையில் கரகம் அசையாமல் நிற்கிறது. நம் தட்டிலிருந்த சால்னாதான் முன்னால் நிற்பவர் சட்டையில் இறங்குகிறது.

பண்பாடு பார்க்கச் சென்னைவரை போகிறோம்; பக்கத்து ஆவடியிலோ 1961-இல் டாங்கித் தொழிற்சாலை வந்தது முதலே பஞ்சாபியும் வங்காளியும் மலையாளியும் நமக்கு அக்கம்பக்கம். மேடையும் சீரியல் விளக்கும் இல்லாததால் இந்தக் கலந்து வாழ்தலெல்லாம் பண்பாட்டுக் கணக்கில் வரவில்லை போலும்!

பறை ஓய்ந்ததும் கைதட்டுங்கள் ஐயா, தட்டைக் கீழே வைத்துவிட்டு.