வெயிலில் வைப்பர் போடுகிறவர்

ஓகஸ்ட் மாதத்தில் திருகோணமலைக்கு மழை வருவது குறைவு. கச்சான் காற்று அடித்து, உட்துறைமுக வீதிப் புழுதி முழுக்க எழும்பி வந்து சட்டைக் கொலரில் குந்துகிற காலம் அது. அந்த வெயிலில், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு வெள்ளை வகன் ஆர் கார் வலப்பக்கம் திரும்பும்போது, சிக்னல் லைற் எரியாமல் வைப்பர் இரண்டும் காய்ந்த கண்ணாடியைக் கிறீச் கிறீச்சென்று துடைத்தால், உள்ளே இருப்பவர் யாரென்று வெற்றிலைக் கடைக்காரருக்கும் தெரியும். கனடா அத்தான் வந்துவிட்டார்.

யப்பானிலிருந்து எங்களுக்கு வருகிற கார்களில் சிக்னல் தடி ஸ்ரியறிங்கின் வலப்பக்கம், வைப்பர் தடி இடப்பக்கம். அத்தான் ஸ்காபரோவில் ஓட்டுகிற காரில் அது மறுவளம். கை முப்பது வருசம் பழகியதைத்தான் செய்யும். பொலிஸ்காரருக்கும் இது தெரியும். வேகம் பார்க்கிற கருவி கையில் இல்லாத நாளிலும் அவருக்கு வைப்பர் போதும்.

கனடா அத்தான் என்பது ஓர் இனத்தின் பெயர். சில வீடுகளில் அவர் சுவிஸ் சித்தப்பா, சில வீடுகளில் லண்டன் மாமா. தொண்ணூறாம் ஆண்டு உவர்மலையையோ பாலையூற்றையோ விட்டு ஒரு தோள்பையோடு போனவர்கள். இப்போது நான்கு சூட்கேஸோடு வருகிறார்கள். வந்ததும் முதல் வேலை, கார் எடுப்பது. சாரதியோடு வான் பிடித்தால் மலிவு, நித்திரையும் கொள்ளலாம். ஆனால் சாரதி இருந்தால் பொலிஸோடு கதைப்பது சாரதியாகிவிடும். அந்தப் பாக்கியத்தை அத்தான் இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஸ்காபரோவில் அவர் வாயில்லாப்பூச்சி. எஞ்சினை ஸ்ராட் பண்ண முன்னமே பெல்ற் பூட்டிவிடுவார். பார்க்கிங் தண்டம் ஒன்று கண்ணாடியில் செருகிக் கிடந்தால், அன்றிரவு சாப்பிட முதல் ஒன்லைனில் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் அக்காவுக்கே சொல்வார். பொலிஸ் மறித்தால் இரண்டு கையையும் ஸ்ரியறிங்கில் வைத்து 'யெஸ் ஒஃபிசர்' என்பார். கோணேசர் சந்நிதியில்கூட அந்தக் குரலில் பக்தி அவ்வளவு வராது. அந்த ஒஃபிசருக்கு இருபது டொலரை நீட்டுவதாக அவர் கனவுகூடக் கண்டதில்லை. கண்டால் கனவுக்கும் வழக்கு வரும் என்று பயப்படுகிறவர்.

கட்டுநாயக்காவில் விமானம் இறங்கி நின்றதும் அவர் கழற்றுகிற பெல்ற், மறுபடி பூட்டப்படுவது மூன்று கிழமை கழித்து, திரும்பிப் போகிற விமானத்தில்தான்.

அந்த விமான நிலையத்திலேயே, வெளிநாட்டு லைசன்ஸ்காரருக்குத் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம் கொடுக்கிற கருமபீடம் ஒன்றை 2025 ஓகஸ்டில் திறந்தார்கள். அதற்கு முன் அந்தத் துண்டுக்காக வேரஹெர மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும். இல்லாவிட்டால் சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பு ஆட்டோமொபைல் சங்கத்துக்குக் கொண்டுபோய் மேலொப்பம் வாங்க வேண்டும். அத்தான் கருமபீடத்தைப் பார்த்தார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரப் பெடியளையும் பார்த்தார். "அது ரூரிஸ்ற்மாருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். தான் ரூரிஸ்ற் இல்லை என்பது அவருடைய கொள்கை. பாஸ்போட் கனடா, லைசன்ஸ் கனடா, முழங்காலுக்கு மேல் நிற்கிற காற்சட்டையும் கனடா. ஆள் மட்டும் திருகோணமலை.

கார் வாடகைக்குக் கொடுக்கிற தம்பி லேசுப்பட்டவனல்லன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருசத்தில் பழைய வகன் ஆருக்கும் காணி விலை வந்துவிட்டது. ஆகையால் அவன் பாஸ்போட்டைப் படம் எடுப்பான், முற்பணம் வாங்குவான், காருக்குள் எங்கேயோ ஒரு ஜிபிஎஸ் ஒளித்து வைப்பான். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணை, ஊருக்குள்ள அம்பது, வெளியில எழுபது. வெள்ளைக் கோட்டை மட்டும் தொட்டுப்போடாதேங்கோ. அந்த லைசன்சையும் ஒருக்கா..." என்று இழுப்பான்.

"தம்பி, நான் இஞ்ச பிறந்து வளந்தவன். இஞ்ச எல்லாம் கதைச்சு முடிக்கலாம்."

கதைச்சு முடிக்கிறது. அத்தானின் போக்குவரத்துச் சட்டம் முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடக்கம். அதற்கு அவர் செய்கிற ஆயத்தத்தை ஒருநாள் இரவு கிட்டவிருந்து பார்த்தேன். கட்டிலில் சாரத்தோடு இருந்து, காசுத்தாள்களை ஒவ்வொன்றாக நீவி, நான்காக மடித்து, குலதெய்வத்துக்கு நேர்த்திக்காசு முடிகிற மாதிரி இடம் பிரித்து வைத்தார். ஐந்நூறு, வெயில் மறைப்புத் தட்டிக்குள். பச்சைத்தாள், அதாவது ஆயிரம், சட்டைப்பைக்குள். ஐயாயிரம், லைசன்சின் முதுகில். "ஐயாயிரம் எண்டா பயப்பிடாத. இருவத்தைஞ்சு டொலருக்குள்ள வரும்" என்று எனக்கு ஆறுதல் வேறு.

கொழும்பிலிருந்து வருகிற வழியில், ஹபரணை தாண்டிக் கந்தளாய்ப் பக்கம், எதிரே வந்த லொறிக்காரர் லைற்றை அடித்து அடித்துக் காட்டினார். அடுத்து வந்த பஸ்காரரும் அப்படியே. முன்னுக்குப் பொலிஸ் நிற்குது, மெதுவாய்ப் போ என்று இந்த நாட்டுச் சாரதிமார் ஒருவருக்கொருவர் செய்கிற தருமம் அது. சாதி, மதம், மொழி பாராமல் இலங்கையர் எல்லாரும் ஒற்றுமையாகச் செய்கிற ஒரே காரியம் என்றும் சொல்லலாம். அத்தானுக்கு மனம் நிறைந்துவிட்டது. "பார், சனம் இன்னும் மாறேல்ல" என்று சொல்லி, எல்லாருக்கும் கையை அசைத்துக்கொண்டு எண்பத்தைந்தில் போனார்.

அன்று தப்பியது தெய்வச் செயல். மாட்டியது பிறகு, ஒரு வளைவில். எந்த வளைவு என்று சொல்ல மாட்டேன். அந்த வளைவால் நான் நாளைக்கும் போக வேண்டும்.

வளைவுக்காரர் காசு கேட்டதாக வரலாறே இல்லை. அவர் இலஞ்சம் கேட்கிற ஆள் என்று எவரும் கோட்டில் சத்தியம் பண்ண முடியாது. அவர் கேட்பதெல்லாம் விபரம்தான்.

"ஐயா, லைசன்?"

அத்தான் நீட்டினார். பின்னால் மடித்திருந்த தாளை அவர் காணவேயில்லை. அப்படிக் காணாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும்.

"இது கனடா. ஸ்ரீலங்காவில ஓட்ற பேப்பர்?"

"மாத்தயா, நான் இஞ்ச பிறந்த ஆள்."

"பிறந்தது சரி. பேப்பர்?"

அத்தான் கடலைப் பார்த்தார். அவரும் கடலைப் பார்த்தார். தூரத்தில் சீனன்குடாப் பக்கம் ஒரு கப்பல் மாவுக்கோ எண்ணெய்க்கோ காத்துக்கொண்டு நின்றது.

"அப்ப இது தண்டம் எழுத ஏலாது ஐயா. கோட்ஸ் போகணும். புதன்கிழமை." கொஞ்சம் விட்டு, மிகுந்த அக்கறையோடு, "ஐயாவுக்கு பிளைட் எப்ப?"

"செவ்வாய்."

"அபொய்."

அந்த 'அபொய்' வெறும் நடிப்பல்ல, உண்மையான அனுதாபமும் அதில் இருந்தது. வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டுகிறவன் தொடர்பாக இந்த உத்தியோகத்தின் சூட்சுமம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. உள்ளூர்க்காரனுக்குத் தண்டம் எழுதினால் அவன் பதினான்கு நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்சை எடுத்துக்கொள்வான். வந்துபோகிறவனுக்குப் பதினான்கு நாளும் கிடையாது, போயா தினத்தில் தபால் கந்தோர் பூட்டு என்பதும் தெரியாது, கோட்டில் எந்த வாங்கில் இருப்பது என்பதும் தெரியாது. அவனிடம் காசு இருக்கிறது, நேரம் இல்லை. வளைவுக்காரர் விற்கிற சாமான் நேரம். விலை போடுவது அத்தான்.

போட்டார். "மாத்தயா, தேத்தண்ணி குடியுங்கோ" என்று கைகுலுக்கினார். கை பிரிந்தபோது லைசன்ஸின் முதுகு வெறுமையாக இருந்தது. வளைவுக்காரர் தொப்பியைச் சரிசெய்து, அன்றைய நாளின் ஒரே சட்ட ஆலோசனையை வழங்கினார்: "ஐயா, வைப்பரை நிப்பாட்டிட்டுப் போங்க."

இருநூறு யார் போகவில்லை, அத்தான் ஸ்ரியறிங்கில் அடித்துச் சொன்னார்: "இந்த நாடு திருந்தாதடா தம்பி. முழுக்க ஊழல்."

பின்சீற்றிலிருந்து அக்கா, "நீங்கள்தானே குடுத்தனீங்கள்" என்றா.

"அவன் கேக்காமல் குடுப்பனே?"

"அவன் கேக்கேல்லையே."

"கேக்காமல் கேட்டவன். உனக்கு விளங்காது." அதற்கும் மேலே அக்கா கதைக்கவில்லை. நாங்கள் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஏழு கிணற்றுச் சூட்டையும் அத்தான் காருக்குள்ளேயே காட்டிக்கொண்டு வந்தார்.

சட்டம் இந்த விசயத்தில் பேதம் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. வாங்கினவரும் குற்றவாளி, கொடுத்தவரும் குற்றவாளி. இலங்கையின் இலஞ்சச் சட்டம் 1954ஆம் ஆண்டில் வந்தது. 2023இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்து பழையதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு சொல்கிற தொலைபேசி எண் மட்டும் இன்னும் 1954தான். அத்தானிடம் இதைச் சொன்னேன். "நல்ல நம்பர்" என்று போனில் பதிந்தும் கொண்டார். அந்த நம்பருக்கு அடித்து, "ஐயா, நான் ஐயாயிரம் குடுத்திட்டன்" என்று எப்படித் தொடங்குவது என்பதில்தான் சிக்கல்.

எங்களூர் ஓட்டோக்காரருக்கு அத்தான்மார் மேல் பாசமும் உண்டு, ஒரு கடுப்பும் உண்டு. "முந்தி இருநூறு முந்நூறோட பல்லைக் காட்டினவங்கள் அண்ணை. ஓகஸ்ட் முடிஞ்சு இவையள் போனாப் பிறகு எங்களையும் டொலராத்தான் பாக்கிறாங்கள். எனக்கு எழுதச் சொல்லிப்போட்டுத் தபால் கந்தோரில நிக்கிறது லாபம்" என்று ஒருவர் சொன்னார். மான்கள் மட்டும்தான் பாக்கியசாலிகள். பஸ் நிலையத்தடியிலும் கோட்டையடியிலும் எந்தப் பக்கத்தாலும் வீதியைக் கடக்கின்றன. எவரும் மறிப்பதில்லை.

அத்தானை இப்படிச் சிரித்தே முடித்துவிடவும் மனம் வரவில்லை. அவர் இந்தத் துறைமுக ஊரை விட்டுப் போன காலத்தில், கந்தளாயிலிருந்து ஊருக்குள் வருவதென்றாலே இறங்கி நடந்து, பையைத் திறந்து காட்டி, ஏறி, அடுத்த சென்றியில் மறுபடி இறங்க வேண்டும். அப்போது காக்கியைக் கண்டால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அடையாள அட்டை அங்கேதான் இருந்தது. அறுபது வயதிலும் காக்கியைக் கண்டதும் அந்தக் கை போகிறது. உள்ளே இப்போது அட்டை இல்லை, காசு இருக்கிறது. வளைவுக்காரரோடு கதைத்துவிட்டு வந்து அவர் துவாயால் முகம் துடைத்தபோது, குளிரூட்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் சொல்ல மாட்டார். ஸ்காபரோவில் ரோல்ஸ் கடித்துக்கொண்டு சொல்லப்போவது மற்றக் கதை.

அந்தக் கதைக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 2025இலிருந்து வீதித் தண்டத்தை 'கவ்பே' மூலம் நின்ற இடத்திலேயே போனால் கட்டுகிற ஏற்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருகிறார்கள். கட்டினதும் லைசன்ஸ் கைக்கு வந்துவிடும். கதைக்கவும் ஒன்றுமில்லை, முடிக்கவும் ஒன்றுமில்லை.

இந்த ஆபத்தில் முதலில் சிக்கியவர் ஒரு சுவிஸ் சித்தப்பா. விமான நிலையக் கருமபீடத்தில் சித்தி அவரைக் கையில் பிடித்து வரிசையில் நிற்கவைத்ததால், பேப்பர் எல்லாம் அச்சொட்டாக இருந்தது. பிழை ஒன்றுதான். பெல்ற் போடவில்லை. மறித்தவர் தமிழ்ப் பெடியன், மீசை இன்னும் முழுதாய் அரும்பாதவர்.

"ஆயிரம் ரூபா தண்டம் ஐயா. போனில கட்டுறீங்களா?"

சித்தப்பாவின் போனில் இருந்தது சுவிஸ் வங்கி. "தம்பி, இதில ஐயாயிரம் இருக்கு. தேத்தண்ணி..."

"வேண்டாம் ஐயா. ஆயிரம்தான்."

"நான் ஐயாயிரம் தாறன் எண்டுறன்."

"ஆயிரத்துக்குத்தான் ஐயா சீட்டு இருக்கு."

நாலு மடங்கு கூடக் கொடுப்பதற்காக ஒரு மனிதன் நடுவீதியில் கெஞ்சி நான் கண்டது அன்றுதான். பெடியன் எழுதி, கிழித்து, நீட்டிவிட்டு அடுத்த வாகனத்தை மறிக்கப் போய்விட்டான். சித்தப்பா தபால் கந்தோரில் வயதானவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். பின்னேரத்துக்குள் பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்சை எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு வேண்டாமென்றார்.

போன கிழமை சித்தி வட்ஸ்அப்பில் ஒரு கலியாண வீட்டு வீடியோ அனுப்பியிருந்தா. சூரிச்சில் ஏதோ மண்டபம். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், நடுவில் கோட் சூட்டோடு சித்தப்பா. "பெரிய கேஸ். பெல்ற், ஸ்பீட், வெள்ளைக்கோடு எல்லாம். கோட்ஸுக்குத்தான் எண்டு நிண்டவன். நான் விடுவனே? ஐயாயிரத்தோட கதைச்சு முடிச்சனான்." சித்தி பக்கத்திலிருந்து ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தா.

வாற ஓகஸ்டுக்கு ஊர் போகிற ஒருவர் முன்னால் குனிந்து கேட்டார்: "அப்ப நாங்கள் எவ்வளவு வைச்சிருக்கிறது நல்லம்?"

சித்தப்பா கிளாஸை வைத்துவிட்டு யோசித்தார். "இப்ப எல்லாம் விலை ஏறிப்போச்சு. எதுக்கும் ஒரு பத்தாயிரம் வைச்சிருங்கோ."